தாணுலிங்கத்தின் கால்கள்

அந்த வருடம் எங்கள் கல்லூரிக் கால்பந்து அணி ஏழு ஆட்டங்கள் ஆடி ஏழிலும் தோற்றது. அந்த ஏழு ஆட்டங்களிலும் எங்கள் சென்டர் ஃபார்வர்டு ததேயு வாங்கிய உதைகள் எல்லாம், மைதானத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஆலன்விளை என்ற ஊரில் வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தாணுலிங்கத்தின் கால்களில் விழுந்தன. தாணுலிங்கம் தமிழ் இலக்கியம் இரண்டாம் ஆண்டு மாணவன். அதுவரை பந்தைக் காலால் தொட்டதில்லை. அவனிடம் பெயரைக் கேட்டு வாங்கியவன் நான். அணியின் கோல்கீப்பரும் நான்தான், கேப்டனும் நான்தான்; பசங்கள் என்னைக் 'கோலி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

லீக் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது எங்கள் ஃபார்வர்டு மஸ்கட்டுக்கு விசா வந்து போய்விட்டான். ததேயு தெக்குத்துறைக்காரன், வயது இருபத்து நான்கு, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வள்ளத்தில் கடலுக்குப் போகிறவன்; ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரை மணலில் அவன் ஆடுவதைப் பார்க்கப் பாதிரியாரே பூசையைச் சுருக்கிக்கொள்வார் என்று சொல்வார்கள். அவனைக் கல்லூரி அணியில் ஆடவைக்க ஒரு மாணவனின் பெயர் வேண்டியிருந்தது. இது எங்கள் லீக்கில் புதிதல்ல. ஒவ்வொரு கல்லூரிக்கும் மைதானத்துக்கே வராத ஒரு பெயர் இருந்தது. எதையும் கேட்காத ஒரு மாணவனைப் பார்த்துப் பிடிப்பார்கள்; அவன் பெயரையும் சேர்க்கை எண்ணையும் பட்டியலில் எழுதி, ஆடப்போகிறவனின் புகைப்படத்தை ஒட்டி, பாதி படத்திலும் பாதி தாளிலும் விழும்படி கல்லூரி முத்திரையைக் குத்துவார்கள்; குத்துகிற நேரத்தில் உடற்பயிற்சி இயக்குநர் குமாரதாஸ் சார் ஜன்னல் வழியாகத் தென்னை மரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தாணுலிங்கத்தை சைக்கிள் ஸ்டாண்டில் பிடித்தேன்.

"தாணு, ஒரு கையெழுத்து போடணும்."

"எதுக்கு?"

"ஒனக்க பேரு சும்மாதானே கெடக்கு? மூணு மாசத்துக்குத் தா."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். "அழுக்காக்கிராத கேட்டியா, எங்க தாத்தாவுக்க பேரு அது" என்றான்.

முதல் ஆட்டத்தில் ததேயு மூன்று கோல் போட்டான், என்னைத் தாண்டி நான்கு போனது. எதிரணியின் தடுப்பாட்டக்காரர்கள் இரண்டு பேரும் அவனை இருபது முறையாவது உதைத்துத் தள்ளியிருப்பார்கள். ஒவ்வொரு முறையும் அவன் பாயிலிருந்து எழுந்திருப்பது போல எழுந்து ஓடினான். ஆட்டம் முடிந்து காலுறையைக் கழற்றியபோது அவன் கால்கள் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவனுடையவை போல இருந்தன. கடல் உப்பு ஊறிய கால், ஒன்றும் ஏறாது என்று சொல்லிச் சிரித்தோம். திங்கட்கிழமை தாணுலிங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்கு வந்தான். பேண்ட்டை உயர்த்திக் காட்டினான். இரண்டு கணைக்கால்களிலும் பூட்ஸ் ஆணிகளின் அச்சு மூன்று மூன்றாக வரிசை பிசகாமல் பதிந்திருந்தது, இடது முட்டு பப்பாளிக்காய் அளவு வீங்கியிருந்தது.

"எப்பம் வந்துச்சு?"

"சனிக்கிழம சாயங்காலம். பேப்பர் வாசிச்சிட்டு இருந்தேன். ஒண்ணொண்ணா வந்துச்சு." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டான். "மூணு கோலா?"

அடுத்த சனிக்கிழமை ஆலன்விளையே பார்த்தது. மூன்றரை மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது, நெற்றியில் வியர்வை பூத்தது, மூன்றே முக்காலுக்கு வலது கணுக்காலில் ஒரு சிவப்புத் திட்டு மெதுவாக எழும்பி வந்து நீலமாகிக் கறுத்தது. அவன் அம்மா பகவதியம்மாள் அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டை உடைப்பவள், கொட்டைப் பால் பட்டுக் கறுத்துப்போன விரல்களால் அந்தத் திட்டை அழித்துவிடப் பார்த்தாள். அழியாததால் தெருவே அதிரும்படி எங்கள் கல்லூரியையும் அதைக் கட்டியவர்களையும் அவர்களைப் பெற்றவர்களையும் ஏசினாள். முறிவுக்கும் சதைவுக்கும் எண்ணெய் போடும் செல்லையா ஆசானைக் கூட்டிவந்தார்கள். ஆசான் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "அடி இங்க விழல்ல. வேற எங்கயோ விழுந்து இங்க வந்திருக்கு. எண்ணெய்க்கு அதைப் பத்திக் கவலையில்ல" என்று சொல்லி முறிவெண்ணெய் போட்டுவிட்டுப் போனார். அதற்கு மேல் யாரும் காரணம் தேடவில்லை.

தெக்குத்துறையில் இன்னும் எளிதாக எடுத்துக்கொண்டார்கள். வள்ளத்தில் ஒருவன் பெயருக்கு ஒரு இடம் இருக்குமானால் அவன் காய்ச்சலில் கரையில் கிடந்தாலும் அவன் பெயருக்கு ஒரு பங்கு வந்து சேரவேண்டும், மீன் பட்டால் மீன், வலை கிழிந்தால் கிழிசல். தாணுலிங்கம் பெயரில் ததேயு ஆடினால் தாணுலிங்கத்துக்குப் பங்கு போவதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றார்கள். ஆனால் உதை மட்டும் பங்காகப் போவது மரியாதையில்லை என்று, மூன்றாவது வாரத்திலிருந்து சனிக்கிழமை காலைகளில் சீலாவோ நெய்மீனோ வாழையிலையில் பொதிந்து ஆலன்விளைக்குக் கொடுத்தனுப்பினார்கள். பகவதியம்மாள் கொண்டுவந்தவனை ஏசிக்கொண்டே வாங்கி, ஏசிக்கொண்டே குழம்பு வைத்தாள்.

ஊர் பழகிக்கொண்டது. சனிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் பெஞ்சுகளும் ஸ்டூல்களும் அந்த முற்றத்துக்கு வந்துவிடும், டீக்கடைக்காரர் ஃப்ளாஸ்க்கோடு வருவார், விடுமுறையில் வந்த பட்டாளத்துக்காரர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார், செல்லையா ஆசான் தாணுலிங்கத்தின் இடது கெண்டைக்காலில் ஒரு கையும் வலது தொடையில் ஒரு கையும் வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டு, "எடது பக்கமா கொண்டு போறான்... போறான்... ஒருத்தனை வெட்டிட்டான்... ஆ, சாச்சுப்புட்டானுவ, ஃப்ரீ கிக்கு" என்று சொல்லுவார், அவர் சொல்லி முடிப்பதற்குள் முட்டில் தோல் உரியும். மைதானத்திலிருந்து யாராவது போன் போட்டு அதையே சொல்ல இன்னும் ஐந்து நிமிடமாகும். இடைவேளையில் தாணுலிங்கத்துக்கு எலுமிச்சைத் துண்டு கொடுத்தார்கள். கோல் விழுந்தால் அவன் உடம்பு நாற்காலியோடு ஒரு துள்ளு துள்ளும். கோல் போட்டுத் தெரியாத அந்த முகத்தில் அப்போது வரும் சிரிப்பைப் பார்க்கப் பெண்கள் அடுக்களை ஜன்னல்களுக்கு வந்து நின்றார்கள். நான்காவது ஆட்டத்துக்கு முந்தைய நாள், எங்களோடு ஆடவிருந்த கல்லூரியின் தடுப்பாட்டக்காரர்கள் நான்கு பேர் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஒரு டஜன் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு ஆலன்விளைக்கே வந்து, "அண்ணே, நாளைக்குக் களி. மனசுல வச்சுக்கிராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். லீக் முழுவதற்கும் விஷயம் தெரியும். ஆனால் யாரும் புகார் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதினால் அவரவர் பட்டியலில் இருக்கிற அவரவர் பெயரும் வெளியே வரும்.

எல்லோரும் பழகிக்கொண்டார்கள், ததேயுவால் முடியவில்லை. மூன்றாவது ஆட்டம் முடிந்த மறுநாள் அவன் ஆலன்விளைக்குப் போய், தாணுலிங்கத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் மடியில் எடுத்து வைத்து வெகுநேரம் பார்த்தான். அதன் பிறகு அவன் ஆடிய ஆட்டம் வேறு. பந்து வரும் இடத்துக்கு ஒரு அடி பிந்தி வருவான், யாராவது கால் நீட்டினால் பந்தை விட்டுவிட்டு விலகுவான், தலைமேல் நிறைகுடம் வைத்திருப்பவனைப் போல நடப்பான். நான்காவது ஆட்டத்தில் நான்கு, ஐந்தாவதில் ஆறு, எல்லாம் என்னைத் தாண்டிப் போனவை. நாங்கள் ஒன்று கூடப் போடவில்லை. ஆனால் தாணுலிங்கத்தின் கால்கள் தேறி வந்தன. திட்டுகள் பச்சையாகி மஞ்சளாகி மங்கின.

ஐந்தாவது ஆட்டத்துக்குப் பிறகு பகவதியம்மாள் கல்லூரிக்கு வந்தாள். குமாரதாஸ் சார் அறைக்குள் போய் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். மைதானத்து ஓரத்தில் என்னைப் பிடித்தாள்.

"நீதானாலே அந்தக் கேப்டன்?"

"ஆமாம்மா."

"எனக்க பிள்ளைக்க பேரை வெட்டிரு."

"நடுவுல பேரை வெட்டினா என்னத்துக்குன்னு கேப்பாங்கம்மா. மொத்த டீமையும் தள்ளிருவாங்க."

"தள்ளட்டு. ஒனக்கு என்ன போவுது?"

எனக்கு என்ன போகும் என்பதை அவளிடம் சொல்லவில்லை. லீக்கில் கடைசி இடம் வராத அணிகளுக்குப் பல்கலைக்கழகம் ஒரு சான்றிதழ் கொடுக்கும். போலீஸ் வேலைத் தேர்வில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அந்தத் தாள் வேண்டும். எனக்கு அது கடைசி ஆண்டு. அப்பா இறந்தபின் வீட்டில் நானும் தங்கையும்தான். ஒரே ஒரு ஆட்டத்தில் ஜெயித்தால் கடைசி இடத்திலிருந்து ஏறிவிடலாம். "இன்னும் ரெண்டே களிதாம்மா. இனி பெருசா ஒண்ணும் படாது, பாத்துக்கிடுவோம்" என்றேன். அவள் என்னை நம்பினாள். போகும்போது, "நீயும் கொள்ளாம மெலிஞ்சு கெடக்க, சனிக்கிழம வீட்டுக்கு வா, மீன்கறி இருக்கும்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

ஆறாவது ஆட்டத்திலும் ததேயு ஒதுங்கி ஒதுங்கி ஆடினான், தோற்றோம். திங்கட்கிழமை நூலகத்தில் தாணுலிங்கம் என்னைக் கூப்பிட்டான்.

"அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும் கோலி. அவனுக்க பயமும் எனக்குத்தான் வருது. மூணரை மணியாச்சுன்னா அடிவயித்துல உருண்டு உருண்டு அஞ்சரை வரைக்கும் கெடக்கு. அடி வந்தா ஒரு நேரம் வலிக்கும், அமந்துரும். இது அமரல்ல."

"அப்பம் அவனை நல்லா ஆடச் சொல்லவா?"

அவன் புத்தகத்தின் ஓரத்தை மடக்கி மடக்கி நிமிர்த்தினான். "அப்பிடிச் சொல்லல்ல. எனக்க அம்மைக்கு அழுது அழுது சத்தமே போச்சு. பயப்படாண்டாம்னு மட்டும் சொல்லு."

இதில் எதைச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும். ததேயுவிடம் போய், இவன் இப்படிச் சொன்னான், நீயே முடிவு செய்துகொள் என்று சொல்லியிருக்கலாம். ஏழாவது ஆட்டத்தன்று, பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்த ததேயுவின் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொன்னது வேறு.

"நேத்து ஆலன்விளைக்குப் போயிருந்தேன். அவனுக்கு நின்னு போச்சு."

"என்னது நின்னு போச்சு?"

"எல்லாம்தான். போன களியில ஒனக்கு முட்டுல ஒண்ணு பட்டுதில்லா? அவன் கால்ல ஒண்ணுமே வரல்ல. ஆசானே பாத்துச் சொன்னாரு."

ததேயு கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். "சத்தியமாட்டுச் சொல்லுலே."

"சத்தியம்."

அவன் சிலுவை போட்டுக்கொண்டான். எழுந்து நின்ற இடத்திலேயே இரண்டு முறை குதித்தான், பசங்களைப் பார்த்து, "லேய், இண்ணைக்கு எல்லாப் பந்தும் எனக்குத் தாங்கலே" என்று கத்தினான். மூன்றாவது ஆட்டத்துக்குப் பிறகு அவன் சத்தம் போட்டது அன்றுதான்.

அன்று அவன் ஆடியதைப் போல யாரும் ஆடி நான் பார்த்ததில்லை. நான்கு பேர் நடுவில் புகுந்து வந்தான், கால்கள் மேல் விழுந்து எழுந்தான், விழ விழச் சிரித்தான், இடைவேளைக்கு முன் தலையால் ஒன்று, பின் இடது காலால் ஒன்று, இரண்டு கோல். நான் என் கம்பங்களுக்கு நடுவே நின்று, ஒவ்வொரு உதைக்கும் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு நாற்காலி அசைவதை மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே, இன்னும் அரைமணி நேரம், இன்னும் இருபத்தெட்டு நிமிடம் என்று எண்ணிக்கொண்டும் இருந்தேன்.

அறுபத்து மூன்றாவது நிமிடத்தில் அவர்களின் ஃபுல் பேக் ஒருவன் வழுக்கிக்கொண்டே வந்து இரண்டு கால்களாலும் அவன் கணைக்காலில் விழுந்தான். அந்தச் சத்தம் என் கோல் வரைக்கும் கேட்டது. மூட்டே இல்லாத இடத்தில் ததேயுவின் கால் மடங்கியதை மைதானத்தில் இருந்த எல்லோரும் பார்த்தோம். பிறகு, காற்று விட்டதும் நாணல் நிமிர்வது போல அது நிமிர்ந்தது. ததேயு எழுந்து நின்றான். காலை ஊன்றிப் பார்த்தான். தரையில் ஒரு முறை ஓங்கி மிதித்தான். பிறகு மைதானத்தின் முழு நீளத்தையும் தாண்டி என்னைப் பார்த்தான்.

நடு வட்டத்துக்கு நடந்துபோய் உட்கார்ந்துவிட்டான்.

நடுவர் ஓடிவந்தார். "என்ன, காயமா?"

"இல்ல."

"அப்ப எழும்பு."

"மாட்டேன்."

மஞ்சள் அட்டை காட்டினார். அவன் அதைப் பார்க்கவும் இல்லை. மாற்றி இறக்க எங்களிடம் ஆள் இல்லை. மீதி இருபத்தேழு நிமிடமும் ததேயு அந்த வட்டத்தில் சம்மணம் போட்டு, ஒன்றும் ஆகாத தன் காலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், ஆட்டம் ஓடையில் கிடக்கும் கல்லைச் சுற்றித் தண்ணீர் போவது போல அவனைச் சுற்றிப் போனது, என்னைத் தாண்டி மூன்று கோல் போனது.

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். செல்லையா ஆசான் எண்ணெய்க் கிண்ணத்தை மூடிவிட்டு, இது என் கைக்கு அடங்காது என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். தொடை வரை மாவுக்கட்டுப் போட்டு, காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். பகவதியம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். தாணுலிங்கத்தின் முகம் வெளிறியிருந்தது, ஆனால் கண்கள் பளபளத்தன.

"எத்தனை?"

"மூணுக்கு ரெண்டு. தோத்துட்டோம்."

"அந்த ரெண்டாவது கோலு எடது காலுதானே? தெரியும். என்ன ஓட்டம் கோலி! அவனுக்குப் பயமே இல்ல. வயித்துல ஒண்ணும் உருளல்ல. கால் ஒடியுற வரைக்கும் நான் சிரிச்சிட்டே இருந்தேன்னு அம்மை சொல்லுகா." மூச்சு வாங்கிக்கொண்டான். "எப்பிடி அவனுக்குப் பயம் போச்சு?"

கடைசி ஆட்டம் அல்லவா, அதனால்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆரஞ்சுத் தோல் ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்துகொண்டிருந்தது.

"நான்தான் சொன்னேன்" என்றேன். "ஒனக்கு நின்னு போச்சுன்னு. சத்தியமும் பண்ணினேன்."

பகவதியம்மாளின் விரல்கள் நின்றன. வார்டு முழுக்கக் கேட்கும்படி ஏசப்போகிறாள் என்று நினைத்தேன், ஏசினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"எத்தனை கோலுக்கு மக்கா?"

"ரெண்டு."

அவள் தலையை ஆட்டினாள், கணக்கு சரியாக இருப்பது போல. தாணுலிங்கம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் எழுந்து கதவுவரை போனபோது, திரும்பாமலே சொன்னான்.

"எனக்க பேரை எனக்குத் தந்துரு."

அதைத் திருப்பிக் கொடுக்க ஒரு வழிதான் இருந்தது. அன்றே லீக் கமிட்டிக்கு எல்லாவற்றையும் எழுதி, கீழே என் பெயரைப் போட்டு அனுப்பினேன். அவர்கள் விசாரித்து முடிக்க இரண்டு மாதம் ஆனது. அதற்குள் தாணுலிங்கத்தின் கட்டைப் பிரித்தார்கள். இடது கால் ஒரு விரற்கடை குட்டையாகி இருந்தது. குமாரதாஸ் சாருக்கு மெமோ வந்தது. அணியை விசாரணைக்குக் கூப்பிட்டு, பெரியவர் ஒருவர் தீர்ப்பை வாசித்தார். ஆள்மாறாட்டம் செய்ததால் எங்கள் ஏழு ஆட்டங்களும் செல்லாது, ஏழும் தோல்வியாகக் கொள்ளப்படும், அணி கடைசி இடத்தில் வைக்கப்படும், சான்றிதழ் கிடையாது. அவர் வாசித்து முடித்தபின் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏழு ஆட்டங்களும் ஏற்கெனவே தோல்விதான். கடைசி இடத்தில்தான் ஏற்கெனவே இருந்தோம். இழந்துவிடுவோம் என்று மூன்று மாதம் நான் பயந்து காத்த எதுவும் எங்களிடம் இருந்திருக்கவே இல்லை. பட்டியலை எடுத்து, தாணுலிங்கத்தின் பெயர்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார்கள்.

அதைச் சொல்லத் தெக்குத்துறைக்குப் போனேன். ஏழாவது ஆட்டத்துக்குப் பின் ததேயு என்னோடு பேசவில்லை. கடற்கரையில் பெரிய கூட்டம். வள்ளத்தைத் தள்ளும்போது ததேயு நங்கூரத்தில் கால் பெருவிரலை இடித்துக்கொண்டான், ரத்தம் வந்துவிட்டது, அவனுடைய ரத்தம், மூன்று மாதத்துக்கும் மேலாக அவன் உடம்பில் யாரும் பார்க்காத ரத்தம். பெண்கள் மீன் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு வந்து பார்த்தார்கள், கிழவர்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்கள், ஒருவன் ஆலன்விளைக்குப் போன் போட்டுக் கேட்டு, "அங்க வெரல்ல ஒண்ணுமில்லையாம்! சுத்தமாட்டு இருக்காம்!" என்று கத்த, கரை முழுக்கக் கைதட்டியது. ததேயு வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து காலை நீட்டி எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தான்.

நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். அவன் பார்த்துவிட்டான்.

"ஏம்லே அங்க நிக்க? வா. வந்து பாரு."

கூட்டம் வழி விட்டது. நான் போய்க் குனிந்து பார்த்தேன். நகத்தின் ஓரத்தில் சின்னக் காயம், அதில் மணல் ஒட்டியிருந்தது.

"வலிக்கா?" என்று கேட்டேன்.

"வலிக்கு" என்றான். பிறகு கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவனைப் போலக் கேட்டான். "ஒனக்கு எங்கயாவது வலிச்சுதா கோலி, இத்தன நாளும்?"

இல்லை என்றேன். அது உண்மைதான். அந்த வருடம் முழுவதும் எனக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.